பூனைக்கு நம் மருந்து ஆகாது

உயிரைக் காக்க அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும். ஊரை விட்டு வடக்கே படிக்க வந்த நமக்கு, விடுதிப் பூனைகளே வீட்டு நினைவைத் தருகின்றன. மெஸ்ஸில் கிடைக்கும் தயிர்ச்சோற்றில் அவற்றுக்கும் பங்கு வைக்கிறோம். அவை நோயுற்றால் என்ன செய்கிறோம்?

சென்ற குளிர்காலத்தில் ஒரு பூனை தும்மித் தும்மி, கண்ணில் பீளை கட்டிச் சுருண்டு கிடந்தது. உடம்பு சுட்டது. நண்பர் ஒருவர் இரக்கத்தோடு பாராசிட்டமால் மாத்திரையைப் பாலில் கரைத்தார். நான் கிண்ணத்தை வாங்கிக் கீழே கொட்டினேன். அவர் முகம் வாடியது. காரணத்தைச் சொன்னதும், அவரே பூனையைக் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் சுமந்து சென்றார். அது பிழைத்தது.

காரணம் இதுதான். அம்மருந்தைக் குளுக்குரோனிக் அமிலத்தோடு பிணைத்து வெளியேற்றும் ஆற்றல் மனிதனின் கல்லீரலுக்கு உண்டு; பூனைக்கு அது மிகக் குறைவு. வெளியேறாத மருந்து நச்சாக மாறி இரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கிறது. ஈறு பழுப்பேறும், முகம் வீங்கும், மூச்சுத் திணறும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே உயிரைப் பறித்துவிடலாம்.

நண்பர்களே, சளி பிடித்த பூனையின் கண்ணையும் மூக்கையும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடையுங்கள். மூக்கடைத்தால் அது மணம் அறியாது, உண்ணாது. மீனைச் சற்றுச் சூடாக்கிக் கொடுங்கள். பட்டினி சில நாள் நீண்டால் கல்லீரலில் கொழுப்பு சேரும். ஆகவே, ஒரு நாள் உண்ணாவிட்டாலே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். அந்தச் செலவுக்கு நம் சங்கத்தார் ஆளுக்குப் பத்து ரூபாய் தந்தால் போதும்.

நம் மருந்துப் பெட்டி நமக்கு மட்டுமே உரியதாக இருக்கட்டும்.