ஓர் உரிமம் கடந்த ஊர்கள்

ஒரு விளையாட்டுச் சங்கம் மறையும்போது உண்மையில் மறைவது எது? ஆட்டக்காரர்கள் வேறு ஊர்களுக்குப் போய் ஆடுகிறார்கள். அரங்கம் இசை நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு விடப்படுகிறது. சில நாட்களாக இந்தக் கேள்வி என்னை விடாமல் தொடர்கிறது. அதைக் கொண்டுவந்து சேர்த்தது, நான் ஒருநாளும் ஆடியிராத ஐஸ் ஹாக்கி. ஜெர்மனியில் 2002 முதல் 2016 வரை வாழ்ந்து மறைந்த ஹாம்பர்க் ஃப்ரீசர்ஸ் அணியின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கி, அதன் வேரைத் தேடி வெகுதூரம் தெற்கே போக வேண்டியதாயிற்று.

வேர் பவேரியாவில், இசார் ஆற்றங்கரையில் உள்ள லாண்ட்ஸ்ஹூட் என்ற சிற்றூரில் இருக்கிறது. அவ்வூரின் ஐஸ் ஹாக்கி சங்கம் 1948இல் தோன்றியது. 1970இலும் 1983இலும் தேசியப் பட்டம் வென்றது. அவ்வூரிலேயே பிறந்து தம் ஆட்ட வாழ்வு முழுவதையும் அச்சங்கத்திலேயே கழித்த அலோய்ஸ் ஷ்லோடர்தான், 1976 இன்ஸ்புரூக் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற மேற்கு ஜெர்மனி அணியின் தலைவர். ஊரும் சங்கமும் மனிதனும் ஒன்றையொன்று பிரித்தறிய முடியாதபடி கலந்திருந்த காலம் அது.

1994இல் தேசிய அளவிலான புதிய தொழில்முறை லீக் உருவானது. அதில் ஆட ஓர் உரிமம் வேண்டும். அதை வைத்திருப்பது, உறுப்பினர்கள் கூடி வாக்களிக்கும் சங்கமாக இல்லாமல், ஒரு வணிக நிறுவனமாக இருக்கும். வணிகத்தில் செலவு தாங்காதவன் விற்கிறான். 1999இல் லாண்ட்ஸ்ஹூட்டின் உரிமத்தை அமெரிக்காவின் அன்ஷூட்ஸ் குழுமம் வாங்கி, ஆற்றின் மேற்போக்கில் உள்ள மியூனிக்குக் கொண்டு சென்றது. அணிக்கு மியூனிக் பேரன்ஸ் என்று பெயர். முதல் பருவத்திலேயே, 2000இல், தேசியப் பட்டம் வென்றது. மறு ஆண்டு இறுதிப் போட்டி வரை வந்து தோற்றது. ஆனால் 1972 ஒலிம்பிக்கின் நினைவாக நின்ற பழைய பனியரங்கம் சிறியது. வென்றும் வருவாய் போதவில்லை. 2002இல் உரிமம் மீண்டும் பெட்டி கட்டியது. இம்முறை நாட்டின் மறுமுனைக்கு, எல்பே ஆற்றங்கரையில் உள்ள ஹாம்பர்குக்கு. அங்கே சுமார் 13,000 பேர் ஐஸ் ஹாக்கி பார்க்கக்கூடிய புத்தம்புதிய அரங்கம் திறக்கப்பட இருந்தது.

இதுவரை படித்தபோது எனக்குள் ஒரு தீர்ப்பு தயாராகிவிட்டது. அரங்கத்தின் நாற்காலிகளை நிரப்ப இறக்குமதி செய்யப்பட்ட அணி. இதற்கு யார் கண்ணீர் விடப் போகிறார்கள் என்று எண்ணினேன். அந்த எண்ணம் எவ்வளவு அவசரமானது என்பதை அவ்வணியின் கடைசி வாரம் உணர்த்தியது.

ஃப்ரீசர்ஸ் ஒருபோதும் பட்டம் வெல்லவில்லை. 2014இல் லீக் சுற்றில் முதலிடம் பெற்றும், அரையிறுதியில் இங்கோல்ஷ்டாட்டிடம் வீழ்ந்தது. 2016 மே மாதத்தில், அடுத்த பருவத்துக்கு உரிமம் கோரப்போவதில்லை என்று குழுமம் அறிவித்தது. விண்ணப்பக் கெடுவுக்கு எஞ்சியிருந்தவை சில நாட்களே. அணித் தலைவர் கிறிஸ்டோஃப் ஷூபர்ட், பொதுமக்களிடம் நிதி திரட்டத் தொடங்கினார். கனடாவின் ஒட்டாவா அணிக்காக ஆடித் திரும்பியவர். அதற்கும் முன்பு, இளைஞராக மியூனிக் பேரன்ஸில் ஆடியவர். ஓர் அணி ஊரைவிட்டுப் போவதை ஒருமுறை உள்ளிருந்தே பார்த்தவர். அந்தச் சில நாட்களில் ஐந்து லட்சம் யூரோவுக்கும் மேல் சேர்ந்தது. பற்றவில்லை. ஃப்ரீசர்ஸ் முடிந்தது.

பணம் கொடுத்தவர்களை எண்ணிப் பார்க்கிறேன். அணி எங்கிருந்து வந்தது என்பது அவர்களுக்குத் தெரியாததன்று. அது தங்களைக் கேட்டு வரவில்லை, கேட்டுவிட்டுப் போகவும் இல்லை என்பதும் தெரியும். ஆயினும் பதினான்கு குளிர்காலங்கள் ஒரே இருக்கையில் அமர்ந்து குரல் கொடுத்த ஒருவனுக்கு, அது வாங்கப்பட்ட பொருளாக எஞ்சியிருக்க இயலாது. உரிமையாளர் தாளில் வைத்திருந்ததை அவர்கள் பழக்கத்தில் வைத்திருந்தார்கள். சங்கமாக இருந்திருந்தால் பொதுக்குழுவில் எழுந்து பேசவாவது இடம் இருந்திருக்கும். இங்கே அன்பு செலுத்த அனுமதி இருந்தது, வாக்கு இல்லை. இந்தக் கதையில் என்னை உறுத்துவது, அணி மறைந்ததைவிட இந்த நிலைமைதான்.

தாள் மட்டும் சாகவில்லை. லீக்கில் காலியான இடத்துக்கான உரிமம், வேசர் ஆறு கடலில் கலக்கும் துறைமுக நகரான பிரேமர்ஹாஃபனுக்குச் சென்றது. 2024இல் அந்நகரின் அணி இறுதிப் போட்டி வரை முன்னேறி, பெர்லினிடம் தோற்றது. ஹாம்பர்கைக் கைவிட்ட பிறகும் அன்ஷூட்ஸ் குழுமம் தன்னிடமே வைத்துக்கொண்ட அணி அந்தப் பெர்லின்.

லாண்ட்ஸ்ஹூட்டில் உரிமத்தை விற்ற பிறகும் பழைய சங்கம் அழியவில்லை. கீழ்ப்பிரிவுகளில் ஆடி மெல்ல எழுந்து, இரண்டாம் பிரிவை எட்டியது. ஹாம்பர்கில் ஷூபர்ட், கெடு முடிந்த கையோடு வேறு பெரிய அணியைத் தேடிப் போகவில்லை. அதே நகரின் ஃபார்ம்சென் பகுதியில், மூன்றாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த குரோகடைல்ஸ் என்ற சிறிய அணியில் சேர்ந்தார். மறைவது எது என்று கேட்டுக்கொண்டு தொடங்கினேன். அதற்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. மறையாமல் எஞ்சுவது எது என்பதற்கு மட்டும், அந்தச் சிறிய அரங்குக்கு நடந்து போன ஆட்டக்காரரின் நினைவு ஒரு விடைபோல நிற்கிறது.