ரஃப் நோட்டுக்கு ஒரு வக்காலத்து

மயிலாப்பூரிலோ அடையாறிலோ பிளஸ் டூ படிக்கும் யாரைக் கேட்டாலும் இயற்பியல் பிராக்டிகலுக்கு இரண்டு நோட்டு என்பார்கள். ஆய்வகத்தில் அளவுகளைக் கிறுக்கிக்கொள்ள அப்சர்வேஷன். வீட்டில் உட்கார்ந்து அழகாக எழுத ரெக்கார்டு. பிரவுன் அட்டை, லேபிள், கோடில்லாத பக்கத்தில் பென்சில் படம் என்று அலங்காரமெல்லாம் ரெக்கார்டுக்கு, மதிப்பெண்ணும் அதற்கே. மற்றது தேர்வு முடிந்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போகும். போற்ற வேண்டியது அந்த மற்றதைத்தான் என்பது என் கட்சி.

ஸ்பெக்ட்ரோமீட்டர் சோதனையையே பாருங்கள். முப்பட்டகத்தின் கோணம் 60 டிகிரி என்று கருவியைத் தொடும் முன்பே எல்லோருக்கும் தெரியும். வெர்னியர் 59 டிகிரி 40 நிமிடம் காட்டினாலும் ரெக்கார்டுக்குப் போகும்போது அது 60 ஆகிவிடும். மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி. ராமனும் இதே கோணத்தைத்தான் அளந்துகொண்டிருந்தார். முப்பட்டகத்தின் மேல் மிகச் சாய்வாக விழுந்து எதிரொளித்த ஒளியில், இருபுறமும் ஒத்துப்போகாத விளிம்பு விளைவுப் பட்டைகள் தெரிந்தன. கோணம் கண்டுபிடிக்க அவை தேவையே இல்லை. விடாமல் அளந்து அவர் எழுதிய கட்டுரை 1906 நவம்பரில் இங்கிலாந்தின் பிலசாபிக்கல் மேகசினில் வந்தது, வயது 18. நோக்கம், கருவிகள், வாய்ப்பாடு, செய்முறை, முடிவு என்று ஓடும் நம் ரெக்கார்டில் அந்தப் பட்டைகளை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?

அதனால் அப்சர்வேஷன் நோட்டு தைத்ததாக, பக்க எண்ணோடு இருக்கட்டும். பென்சில் வேண்டாம், பேனா. தேதி, எந்த மேசைக் கருவி, அதன் பூச்சியப் பிழை, கூடச் செய்தவர் பெயர் எல்லாம் வேண்டும். தவறென்று தோன்றும் அளவை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் காரணம் எழுத வேண்டும்; அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும். எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்த மில்லிகன், 1913 கட்டுரையில் 58 எண்ணெய்த் துளிகளைக் காட்டி, ஆராய்ந்தவை இவ்வளவே என்ற பொருளில் எழுதினார். அவருடைய நோட்டுகளில் இன்னும் பல துளிகள் இருந்ததைப் பிற்பாடு அறிவியல் வரலாற்றாசிரியர் ஜெரால்ட் ஹோல்ட்டன் எடுத்துக்காட்டினார். சிலவற்றைத் தள்ளியது நியாயமா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. வழக்காட முடிகிறதென்றால், தள்ளியவற்றையும் மனிதர் எழுதி வைத்திருந்ததால்தான்.

நீட்டாக எழுதுவதும் பயிற்சிதானே என்பார்கள். சரி, ஆண்டுக்கு இரண்டு சோதனைகளை முழு அறிக்கையாக எழுதட்டும். எல்லாவற்றையும் படியெடுப்பது கையெழுத்துப் பயிற்சி மட்டுமே. ஐம்பது பேர் கிறுக்கலை எந்த ஆசிரியர் திருத்துவார் என்றால், திருத்தவே வேண்டாம். மாணவர் ஆய்வகத்தை விட்டுப் போகும் முன் அன்றைய பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்திட்டால் போதும். அண்ணன் ரெக்கார்டைப் பார்த்து எழுதும் பழக்கம் அங்கேயே பாதி நின்றுவிடும். கடினமான ஆட்சேபம் வேறு: பொதுத்தேர்வில் 59 டிகிரி 40 நிமிடம் என்று உள்ளபடி எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண் போனால் யார் பொறுப்பு? தேய்ந்த வெர்னியருக்கு அந்தப் பிள்ளை தண்டம் கட்ட முடியாது. இதை மாணவர் தீர்க்க இயலாது. எக்ஸ்டெர்னலாக வருபவர்தான் விடையை முதலில் பார்க்காமல், அட்டவணையில் உள்ள அளவுகளிலிருந்து அந்த விடை வருகிறதா என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.