ஆர்தர் வர இன்னும் ஏழு வருஷம்

போன வாரம் அலமாரியைக் குடைஞ்சப்ப ஒரு பழைய தாள் கிடைச்சுது. என் குதிரைவீரனோட ஜாதகம். வயசு 39, வருஷம் 503.

விஷயம் புரியாதவங்களுக்கு: கிரெக் ஸ்டாஃபோர்ட் எழுதி 2006-ல வந்த 'கிரேட் பென்டிராகன் கேம்பெயின்'. ஆர்தர் ராஜா கதையை நாலு பேர் உக்காந்து பகடை உருட்டி நாமளே நடத்தணும். கதை 485-ல ஆரம்பிச்சு 566 வரை ஓடும். ஒரு ஆட்டத்துக்கு ஒரு வருஷம்னு வெச்சாலும் எண்பது ஞாயித்துக்கிழமை காலி. வீட்ல திட்டு தனி :-)

இதுல கூத்து என்னன்னா, 510-லதான் ஆர்தர் கல்லுலேர்ந்து வாளை உருவுவார். ஹீரோ என்ட்ரிக்கே 25 வருஷம்! 495-ல ஊதர் ராஜா விருந்துல விஷம் வெச்சுக் கொல்லப்படுவார், அப்புறம் நாட்டுல ராஜாவே கிடையாது.

ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் கணக்கு உண்டு. விளைச்சல் எப்படி, குதிரை பிழைச்சுதா, குழந்தை பிழைச்சுதா, எல்லாமே பகடை. 35 வயசானதும் நமக்கும் உருட்டணும், உடம்பு தேயும். 21 வயசுல கிளம்பின வீரன் கடைசிப் போரைப் பாக்கறதுக்கில்ல. அவன் புள்ளைய வெச்சுத் தொடரணும், அப்புறம் பேரனை.

எனக்கு முதல் குழந்தை தங்கல. ரெண்டாவது பையனுக்கு உருட்டறப்ப கை நடுங்குச்சு, நிஜமா. பிழைச்சுட்டான்.

அப்புறம் ஒருத்தனுக்கு ஆன்சைட், ஒருத்தனுக்குக் கல்யாணம். ஆட்டம் 503-ல நின்னுபோச்சு.

தாள்ல பையன் பேருக்குப் பக்கத்துல பென்சில்ல '14'ன்னு இருக்கு. அழிச்சுட்டு 15-ன்னு எழுதலாமான்னு பாத்தேன். அதுக்கும் பகடை உருட்டணுமே, மடிச்சு உள்ள வெச்சுட்டேன்.