நாக்கும் பந்தியும்

தொழிற்சாலைச் சட்டத்துக்கும் சாம்பாருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் ஒரு மதிய வேளையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் வந்து பார்க்கலாம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 46ஆவது பிரிவு, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளுக்குத்தான் கேன்டீனைப் பற்றிப் பேசியது. 1964இல் தொடங்கிய இந்தப் பேட்டையிலோ லேத், பிரஸ், மோல்டிங் என்று பத்து இருபது பேரை வைத்து ஓட்டும் பட்டறைகள் ஏராளம். அங்கே வேலை செய்பவர்களுக்குத் தெருதான் கேன்டீன். மெஸ், தள்ளுவண்டி, கையேந்தி பவன் எல்லாம் அந்த இடைவெளியில் பிழைப்பவை.

எனக்குப் பழக்கமான மெஸ் ஒன்றில் சாம்பார், காரக்குழம்பு, ரசம், மோர் என்ற வரிசை என்றைக்கும் மாறியதில்லை. எவர்சில்வர் தட்டில் இலைத் துண்டு, ஓரத்தில் பொரியல், மேலே அப்பளம். ஒடிசா, பீகார், வங்காளப் பையன்கள் வர ஆரம்பித்த பிறகு மேசைமேல் ஒரு கிண்ணம் சேர்ந்தது. அதில் அரிந்த வெங்காயமும் பச்சை மிளகாயும் இருக்கும். அப்புறம் புளி சேர்க்காத கெட்டிப் பருப்புக்குத் தனி வாளி வந்தது. பீகார்க்காரர் சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு மூன்றையும் ஒன்றாகப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்; ரசத்துக்குக் காத்திருக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. வங்காளியின் விருந்தில் நம்மைப் போலவே வரிசை உண்டு: கசப்பில் ஆரம்பித்து, பருப்பு, மீன் என்று போய் இனிப்பில் முடியும். பரிமாறுகிற அக்கா ஆளைப் பார்த்ததுமே வாளியை மாற்றிவிடுகிறார். “பய்யா, தால்?” என்று அவர் கேட்பதில் இந்தி எவ்வளவு, தமிழ் எவ்வளவு என்று யாரும் பார்ப்பதில்லை. அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த விழுப்புரத்துக்காரர், “அந்த வெங்காயத்தை இப்படித் தள்ளுப்பா” என்று வாங்கி மோர்ச்சோற்றுக்குக் கடித்துக்கொண்டார்.

நாக்கு இவ்வளவு சுலபமாகப் பழகிவிடுகிறது. சாயங்கால வண்டிகளே இதற்குச் சாட்சி. 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. அதன்பின் கடை கண்ணியை விட்டுவிட்டு வியாசர்பாடி போன்ற இடங்களில் வந்து குடியேறிய தமிழர்கள் கொண்டுவந்தது அத்தோ. இன்று நகரத்தின் பல மூலைகளிலும் அந்த வண்டியைப் பார்க்கலாம். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, மிளகாய்த்தூள், புளித்தண்ணீர் எல்லாவற்றையும் கிண்ணத்தில் போட்டுக் கையாலேயே பிசைந்து, மேலே தட்டையை நொறுக்கித் தருவார்கள். கூடவே வாழைத்தண்டு போட்ட சூப். அந்தக் கை யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. பானிபூரி வண்டியிலும் அப்படித்தான். பூரிக்குள் கட்டைவிரலை விட்டு உடைத்து, தண்ணீரில் முக்கித் தருகிற பையனிடம் வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிடுகிறோம்.

அதே பையன் வீடு கேட்டு வந்தால் கதை வேறு. பட்டரவாக்கம், மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரே அறையில் பலர் ஷிப்ட் மாற்றித் தூங்குகிறார்கள். அவர்களுக்காகப் பெட்டிக்கடையில் கடுகெண்ணெயும் ‘சத்து’ என்கிற வறுகடலை மாவும் வந்துவிட்டன. ஆனால் நம் தெருக் கல்யாணத்துக்கு அவர்களுக்குப் பத்திரிகை போவதில்லை. மண்டபத்துக்குள் வந்தாலும் அண்டா தூக்கத்தான் வருவார்கள்; கடைசிப் பந்திக்கும் பிறகுதான் அவர்களுக்குச் சாப்பாடு.

அந்நியர் என்பதால்தான் இப்படி என்று சொல்ல முடியவில்லை. பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூர் சாலையில் போனால் இருங்காட்டுக்கோட்டை. 1998இல் அங்கே ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிய பிறகு, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கொரிய எழுத்தில் பலகை மாட்டிய உணவகங்கள் வந்தன. கொரியாவைவிட பீகார் நமக்குப் பக்கம்தான். இருந்தும் கிம்ச்சிக்கு ஏசி ஹால், பீகாரின் லிட்டிக்குச் சாக்கடை ஓரம்.

ஆவடியின் கதை கொஞ்சம் மாறுபட்டது. 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. டாங்கி செய்ய நாடு முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்தார்கள். சிஆர்பிஎஃப், விமானப்படை என்று மாற்றலாகி வருகிறவர்கள் வேறு. குவார்ட்டர்ஸில் ஓணத்துக்குப் பாயசமும் உகாதிக்குப் பச்சடியும் வீடு மாறும். பீகார் வீட்டிலிருந்து சத் பூஜைக்குக் கோதுமை மாவும் வெல்லமும் பிசைந்து நெய்யில் பொரித்த தேகுவா வரும். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பது மரியாதையில்லை. முறுக்கோ அதிரசமோ வைத்துத்தான் போகும். அங்கே பக்கத்து வீட்டுக்காரருக்கும் நமக்கும் ஒரே வேலை, ஒரே சம்பளம். பிள்ளைகளுக்கு ஒரே பள்ளிக்கூடம். பெரிய அதிகாரியின் பங்களாவுக்கும் கடைநிலை ஊழியரின் வீட்டுக்கும் நடுவே பாத்திரம் அவ்வளவாகப் போய்வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆகவே, பந்தியில் பக்கத்தில் யார் உட்காருவது என்பதை மொழியைவிடச் சம்பளப் பட்டியல்தான் அதிகம் தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம்.

சிறு பட்டறைகளில் இதற்கு ஒரு விதிவிலக்கைப் பார்த்திருக்கிறேன். வடக்கத்தித் தொழிலாளர்களுக்குச் செப்டம்பர் 17 விஸ்வகர்மா பூஜை, நமக்கு ஆயுதபூஜை. இரண்டிலும் சாமி இயந்திரம்தான். லேத்தைத் துடைத்து, பொட்டு வைத்து, மாலை போடுவதிலும் பெரிய வித்தியாசமில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் இப்போது இரண்டையும் கும்பிடுகிறார்கள். முதலாவதற்குப் பையன்களே காசு போட்டுப் பூந்தி வாங்கி முதலாளிக்கும் கொடுக்கிறார்கள். இரண்டாவதற்கு முதலாளி பொரிகடலை, பழம், இனிப்புப் பொட்டலம் கொடுக்கிறார். போரிங் மிஷின் பக்கத்தில் சாக்கு விரித்து எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். வருஷத்தில் இரண்டு நாள்தான். அடுத்த முறை வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை அடிக்கும்போது அந்த முதலாளி இவர்கள் பெயரையும் எழுதினால், மூன்றாவது நாளும் வரும்.