ஒரு கட்டடம், இரு பள்ளிகள்



கலிபோர்னியாவின் இவ்வளைகுடாப் பகுதியில் வாழும் நம் பெற்றோருட் பலர் கணினித் துறையினர். மெய்நிகராக்கம், மேகக் கணிமை என்னும் இரு சொற்களும் அவர்தம் இல்லங்களில் நாளும் ஒலிப்பவை. அவ்விரண்டும் ஒன்றா, வேறா என்று மாணவர் எம்மை வினவுவதுண்டு. நாம் முன்னாள் பள்ளி ஆசிரியர். கணினிப் பொறியியலாளர் அல்லோம். ஆயினும் அவ்வினாவிற்குரிய விடை, வாரந்தோறும் நாம் கூடும் இக்கட்டடத்திலேயே இருக்கின்றது.

திங்கள் முதல் வெள்ளி வரை இஃது ஓர் அமெரிக்கப் பள்ளி. வார இறுதியில் சில மணி நேரம் மட்டும் இது நம் தமிழ்ப் பள்ளி. அவர்களுடைய நாற்காலிகளில் அமர்கின்றோம். அவர்களுடைய பலகையில் உயிர்மெய் எழுதுகின்றோம். புறப்படும்போது பலகையைத் துடைத்து, நாற்காலிகளை இருந்தவாறே அடுக்கிவிடுகின்றோம். திங்களன்று வரும் குழந்தைகள் இங்கே ஆத்திசூடி ஒலித்ததை அறியார். கட்டடம் ஒன்று, பள்ளிகள் இரண்டு. திறப்பையும் நேரசூசியையும் வைத்திருக்கும் கட்டடக் காவலர் இரண்டும் மோதாவண்ணம் காக்கின்றார்.

மெய்நிகராக்கமும் இத்தகையதே. ஒரு கணினிக்குள் செயலி, நினைவகம், வட்டு ஆகியவை உள்ளன. ஹைப்பர்வைசர் என்னும் மென்பொருள் காவலரைப் போல் நின்று, அவற்றைப் பலருக்குப் பகிர்ந்தளிக்கின்றது. நினைவகத்தை மேசைகளைப் போல் ஆளுக்கொரு பகுதியாகப் பிரிக்கின்றது. செயலியைக் கரும்பலகையைப் போல் முறைவைத்து, நொடியின் மிகச்சிறு கூறுகளாகக் கொடுக்கின்றது. பங்கு பெற்ற ஒவ்வொன்றும் தானே முழுக் கணினி என்பதுபோல் இயங்கும். அதனையே மெய்நிகர்க் கணினி என்பர். ஒன்று செயலிழந்தாலும் அயலில் உள்ளவை தொடர்ந்து இயங்கும்.

இக்கலை புதிதன்று. ஐபிஎம் நிறுவனத்தார் 1960களிலேயே மசாசுசெட்சு மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் இதனைச் செய்து பார்த்தனர். 1972இல் தம் பெருங்கணினிகளுக்கு விஎம்/370 என்னும் அமைப்பை அறிவித்தனர். சிறு கணினிகளில் இதனை நன்கு இயக்கும் வழி பின்னர் நம் அயலூரிலேயே பிறந்தது. இசுடான்போர்டு பேராசிரியர் மெண்டல் ரோசன்புளூம், டயான் கிரீன் உள்ளிட்ட ஐவர் 1998இல் பாலோ ஆல்டோவில் விஎம்வேர் நிறுவனத்தைத் தொடங்கினர். 1999இல் முதற் படைப்பை வெளியிட்டனர்.

இதன் பெரும்பயன் யாதெனின், கணினி முழுவதும் ஒரு சில கோப்புகளாகிவிடுகின்றது. கோப்பாயின் படியெடுக்கலாம்; வேறிடத்துக்கு அனுப்பலாம். இயங்கிக்கொண்டிருக்கும் மெய்நிகர்க் கணினியை நிறுத்தாமலே மற்றோர் இயந்திரத்துக்கு மாற்றும் வசதியை அந்நிறுவனம் 2003இல் அளித்தது.

இனி, மேகம் என்பது யாது? மெய்நிகராக்கம் ஒரு நுட்பம். மேகம் அந்நுட்பத்தைப் பெரிதும் துணைக்கொண்டு நடக்கும் ஓர் ஏற்பாடு. ஒருவர் ஆயிரம் பள்ளிக் கட்டடங்களை வைத்துக்கொண்டு, எவரும் எந்நேரமும் தாமே அறை எடுத்து, இருந்த நேரத்துக்கு மட்டும் வாடகை கொடுத்து, வேண்டின் பத்து அறையாகப் பெருக்கி, வேண்டாவிடின் விட்டு நீங்கலாம் என்று அறிவித்தால் எப்படியோ, அப்படி. அமெரிக்கத் தர நிறுவனம் 2011இல் வெளியிட்ட வரைவிலக்கணத்தின் சாரமும் இதுவே. அமேசான் 2006இல் கணினிகளை இவ்வாறு வாடகைக்கு விடத் தொடங்கியபோது, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவான சென் என்னும் ஹைப்பர்வைசரைக் கையாண்டது. மேகமின்றியும் மெய்நிகராக்கம் உண்டு. ஆனால் மெய்நிகராக்கம் இல்லாதிருந்தால், மேகம் இத்துணை மலிவாகவும் விரைவாகவும் பரவியிராது.

கட்டடத்தை விட்டு நீங்கியும் உயிர்வாழும் பள்ளியை நாம் ஈழத்திலேயே கண்டவர்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் பெயர்ந்தபோது நாம் 15 வயது மாணவர். எம் அதிபர் எடுத்துச் சென்றவை இடாப்புகளும் நேரசூசியும் கைமணியுமே. தென்மராட்சிப் பள்ளி ஒன்றில் காலையில் அவ்வூர்ப் பிள்ளைகள் படித்தனர். பிற்பகலில் அதே வாங்குகளில் நாம் படித்தோம். எம் பள்ளியின் பெயர் மாறவில்லை. பாடமும் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது.

எனினும், பெயரக் கூடியது என்பதனால் மட்டும் ஒன்று நிலைத்துவிடாது. பின்னர் நாம் வன்னியில் ஆசிரியரானோம். 2008 முதல் எம் பள்ளியும் மக்களோடு ஊர் ஊராகப் பெயர்ந்தது. மரநிழலிலும் வகுப்பு நடந்தது. 2009இன் இறுதிப் பெயர்வில், ஒரேயொரு பிரதியாக இருந்த இடாப்புகள் மண்ணோடு போயின. செட்டிகுளத்து முகாமில் ஆசிரியர் சிலர் கூடி, எப்பிள்ளை எவ்வகுப்பில் இருந்தது என்பதை நினைவிலிருந்து எழுதினோம். சில பெயர்களுக்கு எதிரே எழுத எதுவும் இருக்கவில்லை.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படி இல்லாத ஏடு எரிந்தால் அஃது எரிந்ததுதான். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படியெடுத்துச் சேர்த்து வருகின்றது.

மாணவர்களே, மேகம் என்னும் பெயர் கேட்டு அது வானில் மிதப்பதாக எண்ணாதீர்கள். அது நிலத்தில், பெருங்கூடங்களில், மின்சாரம் உண்டு, வெப்பம் கக்கி நிற்கும் இயந்திரங்களே. அக்கூடத்துக்கும் தீயும் வெள்ளமும் வரலாம். வாடகை நின்றால் கோப்பும் நீங்கலாம். ஆகவேதான் ஒரு படியை வேறொரு நிலப்பகுதியில் வைக்குமாறு மேக நிறுவனங்களே அறிவுறுத்துகின்றன.

பெற்றோர்களே, பாட்டனார் குரலையும் பாட்டியார் கடிதங்களையும் கைப்பேசி ஒன்றிலோ மேகம் ஒன்றிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரு படி வீட்டு வட்டில் இருக்கட்டும். ஒரு படி மேகத்தில் இருக்கட்டும். ஒரு படி வேற்றூர் உறவினரிடம் இருக்கட்டும். ஆண்டுக்கொரு முறை அவற்றைத் திறந்து, குழந்தைகளோடு கேட்டும் படித்தும் பாருங்கள். திறக்கப்படாத படி இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும். படிக்கத் தெரிந்த பிள்ளை இல்லையேல், கடிதம் இருந்தும் பயனில்லை, அதற்காகவே இப்பள்ளி.

இம்மலரும் இன்று பல இல்லங்களுக்குச் செல்கின்றது. இதில் நம் பிள்ளைகளின் பெயர்கள் வகுப்பு வாரியாக அச்சாகியுள்ளன. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு படி பத்திரமாக இருக்கட்டும்.