முன்னோரை அழைத்துத் தொடங்கும் திருப்பலி



நாம் தமிழில் திருப்பலி ஒப்புக்கொடுக்கும் இதே ஆலயத்தில், மாதத்தில் ஒரு ஞாயிறு கொங்கோ நாட்டுச் சமூகத்தினரும் தங்கள் முறையில் வழிபடுவதை அறிவீர்கள். சென்ற வாரம் நம் பங்கின் மூத்த தாயார் ஒருவர் என்னிடம் வந்து, "பாதர், இவை செத்த ஆக்களைக் கூப்பிட்டெல்லோ பூசை தொடங்கினம். பீடத்தைச் சுத்தி ஆடவும் ஆடினம். இது அஞ்ஞானம் இல்லையோ?" என்று கவலையோடு கேட்டார். அவருக்கு அளித்த பதிலைச் சற்று விரிவாக உங்களுக்கும் எழுதுகிறேன்.

அது அவர்கள் தாமாகப் புனைந்துகொண்ட வழிபாடு அன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின், கின்ஷாசாப் பேராயர் கர்தினால் மலுலா போன்றோரின் நீண்ட உழைப்பால் உருவாகி, 1988இல் உரோமையின் ஒப்புதலைப் பெற்றது. அந்நாடு அக்காலத்தில் சயீர் எனப்பட்டதால் 'சயீர் முறை' என்று அழைக்கப்படுகிறது. 2019 டிசம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் புனித பேதுரு பேராலயத்திலேயே அம்முறையில் திருப்பலி நிறைவேற்றினார்.

அதில் நற்செய்தியை மக்கள் அமர்ந்து கேட்கின்றனர். பெரியவர் பேசும்போது அமர்ந்து செவிமடுப்பதே அவர்கள் மரபில் மரியாதை. பாவமன்னிப்பு வழிபாடு தொடக்கத்தில் அன்று, மறையுரைக்குப் பின்னரே வருகிறது. முதலில் இறைவார்த்தையைக் கேட்கிறார்கள். அதன் ஒளியில் தம்மை ஆராய்கிறார்கள். பின் ஒருவருக்கொருவர் அமைதியை வாழ்த்துகிறார்கள்.

முன்னோரை அழைப்பதும் அவ்வாறே பொருள் நிறைந்தது. அன்னை மரியாவையும் புனிதர்களையும் அழைத்த பின்னரே, இறையருளால் நேர்மையான உள்ளத்தோடு கடவுளுக்கு ஊழியம் செய்த முன்னோரைத் தங்களோடு இருக்குமாறு அழைக்கின்றனர். முன்னோர் அங்கே பலியை ஏற்கும் தெய்வங்கள் அல்லர்; நம்மோடு நின்று ஒரே கடவுளை வழிபடுவோர். நற்செய்தி எட்டாத காலத்து மூதாதையரையும் இறை இரக்கத்திற்கு வெளியே தள்ளிவிட அம்மக்களுக்கு மனம் இல்லை.

எல்லாக் கலப்பும் நன்று என்று நான் சொல்லவில்லை. 2006இல் தென்னாப்பிரிக்க ஆயர்கள், சங்கோமா எனப்படும் மரபுவழிக் குறிசொல்வோரின் தொழிலில் இறங்கிய குருக்களைக் கண்டித்து மடல் எழுதினர். முன்னோர் சினந்தால் நோய் வரும், பலியிட்டு அவர்களைத் தணிக்க வேண்டும் என்ற அச்சத்தைக் கிறிஸ்துவின் பெயரால் வளர்க்க இயலாது. நன்றியோடு நினைவுகூர்தல் வேறு. அஞ்சி விலை கொடுத்தல் வேறு.

இந்த வேறுபாட்டை நான் குருமடத்தில் கற்றிருந்தும் உணரவில்லை. வன்னியில் நான் இளங்குருவாக இருந்தபோது, இறந்த விசுவாசிகளின் நாளன்று ஒரு தாய் தம் மகனின் கல்லறையில் வைக்கச் சோற்றுப்பொதி ஒன்றைக் கொண்டுவந்தார். "இது அஞ்ஞானப் பழக்கம், எடுத்துக்கொண்டு போங்கள்" என்று எல்லோர் முன்னிலையிலும் கடிந்தேன். அவர் பொதியை மார்போடு அணைத்தபடி, "அவன் பசியோட போனவன் சுவாமி" என்று மட்டும் சொன்னார். அங்கே அச்சம் எதுவும் இருக்கவில்லை. ஒரு தாயின் அன்பே இருந்தது. அந்தப் பொதியை ஆசீர்வதித்து, அவன் பெயரால் பசித்த பிள்ளை ஒன்றுக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கலாம். எனக்கு அன்று அது தோன்றவில்லை. பின்னர் வந்த இடப்பெயர்வில் அவரைக் காணவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

ஆகவே அன்பானவர்களே, அடுத்த முறை கொங்கோ மக்களின் திருப்பலிக்கு வாருங்கள். கேள்வி கேட்ட தாயாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நவம்பர் மாதத்திற்காக உங்கள் முன்னோரின் பெயர்களை எழுதித் தாருங்கள். திருமுழுக்குப் பெறாத பாட்டன் பாட்டியர் இருப்பின் அவர்கள் பெயரையும் தயங்காமல் எழுதுங்கள். பீடத்தருகே வைத்து அனைவருக்காகவும் மன்றாடுவோம். அந்த மகனின் பெயரை நான் எழுதுகிறேன்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை