எழுவாய் எங்கே?

ஒருவன் தான் கருதிய பொருளைச் சொல்லுதற்கு வாக்கியங்கள் பல உண்டு. அவற்றுள் எதனைத் தேர்கிறான் என்பதில் அவன் நோக்கம் வெளிப்படும். இலக்கண வகுப்பில் பல்லாண்டுகளாக இதனைச் சொல்லிவரும் நான், அதன் முழுப்பொருளை அண்மையில் ஒரு மாணவனின் கட்டுரைத்தாளில் கண்டேன்.

எங்கள் முதலியார்பேட்டை, 1898இல் தோன்றிய ஆங்கிலோ பிரெஞ்சு ஆலையின் சங்கொலியில் கண்விழித்த ஊர். 1936 சூலை 30 அன்று, எட்டு மணிநேர வேலை முதலான உரிமைகள் வேண்டிப் போராடிய புதுவை ஆலைத் தொழிலாளரைப் பிரெஞ்சு ஆட்சியின் ஆயுதப்படை சுட்டது. 12 பேர் மாண்டனர். அந்நாளைப் பற்றி எழுதிவருமாறு மாணவர்களைப் பணித்திருந்தேன்.

ஒருவன் தந்த கட்டுரையில் ஒற்றுப்பிழைகூட இல்லை. ஆயினும், "துப்பாக்கிச்சூடு நடத்தப்பட்டது, தொழிலாளர்கள் கொல்லப்பட்டனர், அமைதி நிலைநாட்டப்பட்டது" என்றே வாக்கியங்கள் நடந்தன. "தம்பி, சுட்டவர் யார்?" என்றேன். "ஐயா, கணிப்பொறி எழுதித் தந்தது" என்று தலைகுனிந்தான்.

அவனைக் கடிவதற்கு முன், அப்பொறி வாக்கியத்தைத் தேரும் முறையை அறிய விரும்பினேன். தொடக்கத்தில் அறிஞர்கள் அதற்கு விதிகளை வகுத்துத் தந்தனர். எதைச் சொல்வது, எந்த வரிசையில் சொல்வது, எச்சொல்லால் சொல்வது, எவ்வாறு முடிப்பது எனப் பொறி படிப்படியாகச் செல்லும். அமெரிக்க அறிஞர் கேத்லீன் மெக்கியோன் 1980களில் அமைத்த நிரல், பேச்சு எப்பொருளைப் பற்றி நிகழ்கிறதோ அதனை வாக்கியத்தின் முதலில் வைக்க முயலும். அது செயப்படுபொருளாயின் செயப்பாட்டுவினையைக் கையாளும். 1990களில் கனடாவில், ஒரே வானிலைத் தரவிலிருந்து ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அறிக்கை எழுதிய நிரலும் விதிவழி நடந்ததே. ஒரு வாக்கியம் ஏன் அவ்வாறு அமைந்தது என வினவினால், அங்கே விதியைச் சுட்டிக் காட்டலாம்.

இன்றைய பொறிகளின் வழி வேறு. 2017இல் வெளியான டிரான்ஸ்ஃபார்மர் என்னும் அமைப்பைப் பின்பற்றும் இவை, அளவிறந்த நூல்களையும் செய்திகளையும் பயின்று, இதுவரை வந்த சொற்களை நோக்கி, அடுத்து வரத்தக்க சொல்லையோ சொற்கூறையோ கணித்து ஒவ்வொன்றாய் அடுக்குகின்றன. "தொழிலாளர்கள்" என்று எழுவாயாகத் தொடங்கிவிட்டால், "கொல்லப்பட்டனர்" என முடிப்பதே எளிய வழியாகிறது. முதற்சொல்லே முடிவைப் பெரிதும் கட்டிவிடுகிறது.

ஆங்கிலத்தில் செயப்படுபொருளை முன்வைக்கப் பெரும்பாலும் செயப்பாட்டுவினை வேண்டும். தமிழுக்கு அக்கட்டாயம் இல்லை. "தொழிலாளர் 12 பேரைப் பிரெஞ்சுப் படையினர் சுட்டுக் கொன்றனர்" எனலாம். 'ஐ' என்னும் ஓர் உருபு மாண்டவரை முன்னிறுத்துகிறது, கொன்றவரையும் மறைக்கவில்லை.

இவ்வாக்கியம் பொறிக்கு எழுத வாராது என்பதன்று. கேட்டால் எழுதுகிறது. கேளாதபோது, தான் பயின்ற எழுத்தில் மிகுதியாகக் கண்ட தடத்திலேயே செல்கிறது. அத்தடத்தை இட்டவர் யாவர்? "ஆணையிடப்படுகிறது", "தெரிவிக்கப்படுகிறது" எனச் சுற்றறிக்கைகளிலும் செய்தித்தாள்களிலும் எழுவாயை ஒளித்து எழுதப் பழகியவர் நாமே. துறை அறிக்கைகளில் நானும் அவ்வாறு எழுதியவன்தான்.

என் பாட்டனார் ஆலைத் தொழிலாளி. பள்ளிக்கூடம் சென்றறியாதவர். அந்நாளைப் பற்றித் திண்ணையில் அமர்ந்து சொல்லும்போது, "சுட்டது பிரெஞ்சுக்காரன், செத்தது நம்ம பிள்ளைங்க" என்பார். இலக்கணம் கல்லாத அவர் ஒருபோதும் சுட்டவனைச் சொல்லாமல் விட்டதில்லை.

மாணவனிடம் தாளைத் திருப்பித் தந்து, 'பட்டது' என வரும் இடந்தோறும் செய்தவர் யார் என்று கேட்டு எழுதுமாறு சொன்னேன். சில நாள் கழித்துக் கொண்டுவந்தான். மொழிநடை முன்னதைவிடக் கரடுமுரடாகவே இருந்தது. ஆனால், சுட்டவர் யார் என்பது முதல் வாக்கியத்திலேயே இருந்தது. ஓரிடத்தில், "இதனைச் செய்தவர் எவர் என்று எனக்குத் தெரியவில்லை" என எழுதியிருந்தான். அதுவும் நேர்மையே. அக்கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் வழங்கினேன்.

கணிப்பொறியை மாணவர் விலக்க வேண்டுவதில்லை. அது தந்த வாக்கியத்தின் கீழே தம் பெயரை எழுதுமுன், எழுவாய் எங்கே என ஒருமுறை வினவினால் போதும். விடை பொறியில் கிடைக்காதபோது, அந்நாளைக் கண்டோரிடம் கேட்டறிந்த பெரியோர் நம் தெருக்களில் இன்னும் இருக்கின்றனர். அவர்களை நாடிச் சென்று கேட்பார்களாக.